சி.ஏ.வுக்கு 120 மணி, டாக்டருக்கு 30 மணி, விவாகரத்து வக்கீலுக்கு?

நம்ம வகுப்பில் பாதி பேர் சி.ஏ. கனவில் இருக்கிறீர்கள். அதனால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பரீட்சை பாஸ் பண்ணி, உறுப்பினராகி, போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம் இல்லை. தொழில் செய்யும் அறுபது வயதுக்குட்பட்ட ஆடிட்டர் ஒருவர் 2023 முதல் 2025 வரையிலான மூன்றாண்டுத் தொகுதியில் 120 மணி நேரம் தொடர் கல்வி முடித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் இன்ஸ்டிட்யூட்டின் விதி. டாக்டர்களுக்கும் உண்டு. 2002-ல் மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த நடத்தை விதிகளில் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என்று எழுதியிருக்கிறது.

வக்கீல்களுக்கு?

ஒன்றும் கிடையாது. 2009-10 கல்வியாண்டு முதல் சட்டம் முடித்து வருபவர்கள் அகில இந்திய பார் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். ஒரே ஒரு முறை. அதற்கு முன்பே பதிவு செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. அதன் பிறகு முப்பது வருடம் தொழில் செய்தாலும், புதிதாக என்ன படித்தீர்கள் என்று கட்டாயமாகக் கேட்க யாரும் இல்லை. நல்ல வக்கீல்கள் தாங்களாகவே படிக்கிறார்கள், மறுக்கவில்லை. படிக்காதவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் குடும்ப வழக்கு நடத்துபவர்களைப் பற்றி மட்டும்.

காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு எதற்கு வக்கீல் விவகாரம் என்று ஒரு நண்பர் கேட்டார். காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், கணக்கு வரும்.

முதலில், ஏன் குடும்ப வழக்கு மட்டும்? ஒரு கம்பெனி வக்கீல் வைக்கிறதென்றால் அந்த வக்கீல் சரியில்லை என்று கண்டுபிடிக்க அங்கே ஆள் இருக்கிறது. அடுத்த வழக்குக்கு மாற்றிவிடுவார்கள். விவாகரத்துக்குப் போகிறவருக்குப் பெரும்பாலும் அதுதான் வாழ்க்கையில் முதல் வழக்கு. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. "இவர் குடும்ப வழக்கு நல்லா பண்ணுவார்" என்று சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதை நம்பிப் போகிறார்கள். வக்கீலின் பெயர்ப் பலகையைப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியாது. பார் கவுன்சில் விதிப்படி இன்ன துறையில் சிறப்புத் தேர்ச்சி உள்ளவர் என்று பலகையில் போடக் கூடாது (2008-ல் வந்த திருத்தப்படி இணையதளத்தில் மட்டும் எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்று குறிப்பிடலாம்). விளம்பரத் தடை நல்ல நோக்கத்தில் வந்ததுதான். ஆனால் விளைவு என்ன? யாருக்கு விஷயம் தெரியும் என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, தப்பு நடந்துவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? முதல் வருடம் வணிகச் சட்டத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை உருப்போட்டோமே. போக முடியாது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், வக்கீலின் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. டாக்டரை இழுக்கலாம், டிவி விற்றவரை இழுக்கலாம், வக்கீலை முடியாது. பார் கவுன்சிலில் ஒழுங்கீனப் புகார் கொடுக்கலாம். ஆனால் சட்டம் தெரியாமல் இருப்பது லேசில் ஒழுங்கீனக் கணக்கில் வருமா என்ன?

அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தோற்ற கட்சிக்காரரும் வக்கீல் மேல் கேஸ் போட்டால் தொழில் நடக்காது. ஆனால் பின்வாசலை மூடினால் முன்வாசலில் காவல் வைக்க வேண்டும் இல்லையா?

இன்னொரு காரணம், குடும்பச் சட்டம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம். 2015-ல் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. 2018-ல் இன்னொரு தீர்ப்பு குழப்பியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள், அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பால் வரும் உரிமை என்று முடித்து வைத்தார்கள். 2016-ல் படிப்பதை நிறுத்திய ஒருவரிடம் போன பெண்ணுக்கு "உங்கப்பா 2003-லேயே போயிட்டாரே, ஒண்ணும் தேறாதும்மா" என்ற பதில்தான் கிடைக்கும். அந்தம்மாவும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இது தவிர முத்தலாக் தீர்ப்பு 2017-ல், சட்டம் 2019-ல். பரஸ்பர விவாகரத்துக்கு ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்றது 2017-ல். மீளவே முடியாதபடி முறிந்துபோன திருமணத்தை உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் கலைக்கலாம் என்றது 2023-ல். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று மறுபடி உறுதி செய்தது 2024 ஜூலையில். அதே மாதம் முதல் தேதியில் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறி, ஜீவனாம்சத்துக்கான புகழ்பெற்ற 125-ஆம் பிரிவு 144 ஆகிவிட்டது. 144 என்றால் நாலு பேர் கூடக் கூடாது என்றுதானே நமக்குத் தெரியும்? இப்போது அது பிள்ளைக்குச் சோறு போடச் சொல்லும் பிரிவு :-) பழைய 144, 163-க்குக் குடிபோய்விட்டது.

இந்தப் பட்டியலை எல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. 2020 நவம்பர் 4-ல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அந்த வழக்கில் மனைவி இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டது 2013-ல். அப்போது மகன் கைக்குழந்தை. விஷயம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2020-ல். இடைக்காலம் என்ற சொல்லுக்கு ஏழு வருடம்! இந்து திருமணச் சட்டத்தில், நோட்டீஸ் சார்பு செய்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளில் இடைக்கால மனுவை முடிக்க வேண்டும் என்று 2001-லிருந்தே எழுதியிருக்கிறது. காகிதத்தில்தான்.

ஏன் இழுக்கிறது? இவர் "அவருக்கு மாதம் இரண்டு லட்சம் வருது" என்பார். அவர் "எனக்கு வேலையே இல்லை" என்பார். ஆதாரம் யாரிடமும் இருக்காது. வாய்தா, எதிர்மனு, வாய்தா. உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகப் போட வேண்டும். எதிர்த்தரப்பு நாலு வாரத்துக்குள் தன் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இழுத்தடிக்க இரண்டு வாய்ப்புக்கு மேல் தரக்கூடாது. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு. ஒரே பெண் மூன்று நான்கு சட்டங்களின் கீழ் கேட்டிருந்தால் ஒன்றில் கிடைத்ததை இன்னொன்றில் சொல்ல வேண்டும், கழித்துக்கொள்ள வேண்டும்.

அருமையான ஏற்பாடு. என்ன ஆச்சு? மூன்று வருடம் கழித்து, 2023 நவம்பரில், இன்னொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், நாங்கள் சொன்னது கீழே கடைப்பிடிக்கப்படவில்லை என்று வருத்தப்பட்டு, அந்தத் தீர்ப்பை மறுபடி எல்லா நீதிமன்றங்களுக்கும் அனுப்பச் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை இரண்டாவது தடவை போஸ்ட் பண்ண வேண்டியிருந்தது. நீதிபதிகளுக்காவது ஜுடிஷியல் அகாடமி இருக்கிறது, பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தப் படிவத்தைக் கட்சிக்காரரோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டிய வக்கீலை யார் கூப்பிடுவது?

இப்போது காமர்ஸ் வருகிறது.

அந்தப் படிவத்தோடு வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கு விவரங்களும் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் போதுமா? படிக்கத் தெரிய வேண்டாமா? ஒரு கற்பனைக் கணக்கு. கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். லாப நட்டக் கணக்கில் நிகர லாபம் 4,80,000. அதாவது மாதம் 40,000. "இதில் எவ்வளவு தர முடியும் ஐயா" என்று அவர் தரப்பு கேட்கும். மனைவியின் வக்கீல் கடைசி வரியை மட்டும் பார்த்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

நாம் என்ன பார்ப்போம்? தேய்மானம் 3,00,000. அது கையை விட்டுப் போன பணம் இல்லை, ஏட்டில் எழுதிய செலவு. கடைப் பக்கமே வராத அம்மாவுக்குச் சம்பளம் 2,40,000. மூன்றையும் கூட்டினால் 10,20,000. மாதம் 85,000. பிறகு மூலதனக் கணக்கைத் திருப்பினால் சொந்த எடுப்பு 9,60,000 என்று இருக்கிறது. மாதம் 40,000 சம்பாதிப்பவர் எப்படி மாதம் 80,000 வீட்டுக்கு எடுத்துப் போகிறார்? இந்த ஒரு கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்டால் போதும். இரண்டாம் வருடம் படிக்கும் நம்மில் யாரும் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்போம். இருபது வருடம் தொழில் செய்தவருக்கு ஐந்தொகை என்றாலே அலர்ஜி என்றால் நஷ்டம் யாருக்கு?

(கணவன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பசங்க அடிக்க வருவார்கள். தேய்மானம் முழுவதையும் வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டெலிவரி வண்டியை ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். அம்மா நிஜமாகவே கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். இதை எடுத்துச் சொல்ல அவருடைய வக்கீலுக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

சின்ன வியாபாரிகள் நிறையப் பேர் கணக்குப் புத்தகமே வைப்பதில்லை. வருமான வரியில் அதற்கு வழி இருக்கிறது. விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் லாபம் என்று அனுமானமாகக் காட்டிவிட்டுப் போகலாம். அது அரசாங்கம் வரிக்காக ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச அனுமானம்தான். உண்மையான லாபம் 20 சதவீதமாகக்கூட இருக்கலாம். அந்த 8 சதவீதத்தையே வருமானம் என்று ஏற்றுக்கொண்டு ஜீவனாம்சம் பேசுவது எவ்வளவு அபத்தம்! ஜி.எஸ்.டி. கணக்கில் விற்பனையைப் பாருங்கள், அந்தத் தொழிலில் வழக்கமான லாப விகிதம் என்ன என்று கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சமாதானமாகப் பிரிகிறவர்களுக்கு ஒப்பந்த நிபந்தனை எழுதும்போது மொத்தமாக 30 லட்சமா, மாதம் 25,000-மா என்று பேச்சு வரும். ஒரே தொகையாக வாங்குவது மூலதன வரவு, வரி இல்லை. மாதாமாதம் வாங்குவது வருமானம், வரிக்குரியது. இந்த வேறுபாட்டைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980-களிலேயே சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இதை யாராவது அந்தப் பெண்ணிடம் சொன்னார்களா? வரி ஆலோசகர் வேலை என் வேலை இல்லை என்று வக்கீல் சொல்லலாம். அப்படியென்றால் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லும் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கை விட்டு வாட்சப்புக்கு வருவோம். இன்றைக்குக் குடும்பச் சண்டையின் சாட்சி முழுக்க போனில்தான் இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் கணவன் பதிவு செய்த உரையாடலும் திருமண வழக்கில் சாட்சியாக வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இரண்டு பகுதியாக இருக்கிறது. ஒன்றைச் சாதனம் வைத்திருப்பவரும் இன்னொன்றை நிபுணரும் தர வேண்டும், ஹாஷ் எண் குறிப்பிட வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்துக்கு 1984 சட்டத்தின் 14-ஆம் பிரிவு நிறையத் தளர்வு தந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அதே ஸ்க்ரீன்ஷாட்டை நாளை வரதட்சணைக் கொடுமை வழக்கில் காட்டும்போது அந்தத் தளர்வு கூட வராது. போனை ஃபார்மட் பண்ணிவிட்டு வந்து நிற்கும் கட்சிக்காரரிடம் அப்போது இதைச் சொல்லிப் பயனில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம், கணக்கு, தொழில்நுட்பம் எல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம். எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. சில வக்கீல் நோட்டீஸ்களைப் படித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய நோட்டீஸில் பெயரை மட்டும் மாற்றி எழுதியது போல இருக்கும். மாமியார் கொடுமை, நாத்தனார் கொடுமை, நடத்தையில் சந்தேகம், மனநிலை சரியில்லை. நடக்காததையும் ஒரு பாதுகாப்புக்குச் சேர்த்துவிடுவார்கள். பேசினால் சரியாகியிருக்கும் ஒரு குடும்பம் அந்த நாலு பக்கத்தைப் படித்த பிறகு சேரவே சேராது. சேர வேண்டாம், நாகரிகமாகப் பிரியவாவது முடியுமா? குழந்தைக்குப் பத்து வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட விழாவில் ஒரே வரிசையில் உட்கார முடியுமா என்பதை அந்த நோட்டீஸை டைப் அடித்த நாளிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். குழந்தைக்கு மட்டும் இந்த வழக்கில் பெரும்பாலும் தனி வக்கீல் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

1984 சட்டமே இந்த ஆபத்தை உணர்ந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை இல்லை என்கிறது 13-ஆம் பிரிவு. சமரசத்துக்கு முதலில் முயல வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. நடைமுறையில் அனுமதி கேட்டால் கிடைத்துவிடுகிறது, எல்லோரும் வக்கீலோடுதான் வருகிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வசதியானவராக இருந்தால் வக்கீல் இல்லாத பெண் தனியாக நின்று என்ன செய்வாள்? ஆனால் இப்படி வாசலிலேயே தயங்கி அனுமதித்த ஒரு தொழிலுக்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டாம் என்று எப்படி விட்டார்கள்? நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தில் மத்தியஸ்தராக உட்கார 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். நாட்டுக்கே முன்னோடியாக நம் சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் அந்த மையத்தைத் தொடங்கியது. சமாதானம் பேசுபவருக்கு 40 மணி, சண்டை போடுபவருக்கு ஒரு மணி கூட இல்லை!

இனி எதிர்க் கேள்விகள். முதல் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். மணிக்கணக்கு வைத்தால் படித்துவிடுவார்களா? ஆர்டிகிள்ஷிப்பில் இருக்கும் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆடிட்டர்கள் செமினாரில் எத்தனை பேர் மதிய பிரியாணிக்குப் பிறகு இருக்கையில் இருந்தார்கள் என்று சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுவது எல்லாத் தொழிலிலும் உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா 1975-லேயே வக்கீல்களுக்குத் தொடர் கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் இங்கிலாந்தில் வருடத்துக்கு 16 மணி என்று இருந்த விதியை 2016 நவம்பரில் எடுத்துவிட்டு, உன் வேலைக்கு என்ன தேவையோ அதை நீயே யோசித்துப் படி, படித்ததை எழுதி வை, வருடா வருடம் உறுதிமொழி கொடு என்று மாற்றிவிட்டார்கள். பக்கத்திலேயே ஸ்காட்லாந்து இன்னும் வருடத்துக்கு 20 மணி என்கிறது. ஆக, மணிக்கணக்கு மட்டும் மருந்து இல்லை. ஆனால் இங்கிலாந்து விதியை எடுத்தது பல ஆண்டுகள் பழக்கம் வந்த பிறகு. நாம் பழக்கத்தையே தொடங்கவில்லை.

இரண்டாவது கேள்வி பணம். இது நியாயமான கேள்வி. தாலுகா கோர்ட்டில் காலையில் செக் மோசடி, மதியம் விபத்து நஷ்டஈடு, நடுவில் ஒரு விவாகரத்து என்று ஓடுபவர்தான் அதிகம். "குடும்ப வழக்கு வக்கீல்" என்று தனி இனம் பெரிய ஊர்களில் மட்டும்தான். ஜூனியர்களின் நிலை இன்னும் மோசம். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000-மாவது கொடுங்கள் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அவர்களிடம் ஐந்தாயிரம் கட்டி ஸ்டார் ஹோட்டல் கருத்தரங்குக்கு வா என்றால் நடக்குமா? அதனால் பயிற்சி இலவசமாக, மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே, தமிழில் நடக்க வேண்டும். தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து உச்ச நீதிமன்றமே இணையத்தில் போடத் தொடங்கிவிட்டது, பாடப் புத்தகம் தேட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் வருடத்துக்கு ஐந்தே நாள் போதும். ஒருநாள் அந்த வருடத்துத் தீர்ப்புகள். ஒருநாள் அந்தப் பிரமாணப் பத்திரத்தை நிஜ வரிக் கணக்கோடு உட்கார்ந்து நிரப்பிப் பழகுவது (சொல்லித்தர ஊரில் ஆடிட்டர் இல்லாமலா போய்விடுவார்? அவருக்கும் இரண்டு மணி நேரம் கணக்கில் ஏறும்). ஒருநாள் மின்னணுச் சாட்சி. மீதி இரண்டு நாள் சமரசமும் குழந்தையும். இதை முடித்தவர்களின் பட்டியலைக் குடும்ப நல நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். விளம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது, ஒட்டுவது நீதிமன்றம். கட்டாயப்படுத்த பார் கவுன்சில் தயங்கினால்கூட, அந்தப் பட்டியல் ஒட்டிய ஒரே வருடத்தில் பெயர் இல்லாதவர்களும் வந்து சேர்வார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ தெரிந்த இடத்திலோ யாராவது இப்படி ஒரு வழக்குக்காக வக்கீல் தேடினால் ஒரு யோசனை சொல்லுங்கள். முதல் சந்திப்பில் "சார், எனக்கு ஜெயிக்குமா" என்று கேட்க வேண்டாம். "ரஜ்னேஷ் - நேஹா பத்திரம் எப்போது போடப் போகிறோம், நான் என்னென்ன கொண்டு வரணும்" என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பில் மூன்று இணைப்புப் படிவங்கள் இருக்கின்றன. சம்பளக்காரர், வியாபாரி என்றால் முதலாவது. விவசாயக் குடும்பம் என்றால் இரண்டாவது. மூன்றாவது மேகாலயாவுக்கு, அது நமக்கு வேண்டாம்.